சுரண்டுபவன் சுரண்டப்படலாமா?

பொங்கல் நெருங்கினால் பல்லாவரத்திலே, குரோம்பேட்டையிலே, தாம்பரத்திலே பழைய வீடுகள் புதுமெருகு பெறும். கதவிலும் சன்னலிலும் உள்ள பழைய வர்ணத்தை உப்புத்தாளால் தேய்த்தெடுப்பான் நம் தோழன். பறப்பது வெறும் தூசியா? அல்ல, தோழர்களே! பழைய வர்ணத்திலே காரீயம் கலந்திருக்கக்கூடும். அது மூச்சோடு புகும். சட்டையில் ஒட்டி வீடு சேரும். தவழும் குழந்தையின் மூளையைத் தாக்கும்.

புது வர்ணத்துக்கு விதி உண்டு. பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் காரீயம் கூடாதென மத்திய அரசு 2016-இல் விதித்தது. 2017 நவம்பரில் அது அமலாயிற்று. நன்று! ஆனால், அது தயாரிப்பவனையும் விற்பவனையும் பற்றியது. ஏற்கெனவே பூசிய நஞ்சைச் சுரண்டுபவன் கதி?

அமெரிக்காவிலே, 1978-க்கு முன் கட்டிய வீடுகளில் கூலிக்கு இவ்வேலை நடந்தால், பயிற்சியும் சான்றும் பெற்றவர் மேற்பார்க்க வேண்டும். 2010 முதல் இது சட்டம். நனைத்துச் சுரண்டு, தரையிலே விரிப்புப் போடு, தூசியை வெளியே விடாதே என்று கற்பிக்கும் பயிற்சி எட்டு மணி நேரம்.

எட்டே மணி நேரம்! நம் மேஸ்திரிகளுக்கு அதைத் தர இயலாதா? கேட்கிறோம். பயிற்சி தருக! சான்று தருக! செலவை உழைப்பவன் தலையிலே கட்டாதீர்!

அதுவரை, தோழனே, நனைத்துத் தேய். கை கழுவி உண். சட்டை மாற்றி வீடு செல். உன் பிள்ளை காத்திருக்கிறான்!