ஆபீஸ் கையில் உங்க போன் சாவி!

நண்பர் ஒருவர், மருந்துக் கம்பெனி ரெப். காலையில் தாம்பரத்தில் ரயில் ஏறி, பார்க் ஸ்டேஷனில் இறங்கிப் பாக்கெட்டைத் தொட்டால்... செல்போனைக் காணோம்! இன்னொரு போனிலிருந்து அடித்தார், யாரும் எடுக்கவில்லை. பதறிப்போய் ஆபீஸுக்குச் சொன்னார்.

''கவலைப்படாதீங்க சார், இங்கேர்ந்தே அழிச்சிடறோம்!''

அழித்தார்கள். சாயங்காலம் தாம்பரம் ஸ்டாண்டில் ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கினால், உள்ளே போன் சமர்த்தாகப் படுத்திருக்கிறது - துடைத்துவைத்த சிலேட்டு மாதிரி! ஆபீஸ் மெயில் மறுநாளே திரும்ப வந்துவிட்டது. மகள் முதன்முதலாக நடந்த வீடியோ? போனது போனதுதான்.

ஆபீஸ் மேல் தப்பில்லை. போனில் மெயில் போட்டுக்கொண்ட அன்றைக்கே, 'எல்லாவற்றையும் அழிக்கலாம்' என்ற அனுமதிக்கு நண்பர் தலையாட்டியிருக்கிறார். வாடகை ஒப்பந்தத்தையே படிக்காமல் கையெழுத்துப் போடுகிற ஆசாமிகள் நாம்... இதையா படிக்கப் போகிறோம்?

இதற்குப் பெயர் 'மொபைல் டிவைஸ் மேனேஜ்மென்ட்'. பூட்டு நம்பர் கட்டாயம் என்று உத்தரவு போடலாம். ஆபீஸ் ஆப்களை ஏற்றலாம். தொலைந்தால் தூரத்திலிருந்தே அழிக்கலாம். கஸ்டமர் விவரங்கள் கண்டவன் கையில் சிக்காமல் இருக்க, கம்பெனிக்கு இது தேவைதான்.

ஆனால், வீட்டுச் சாவியை மொத்தமாகக் கொடுப்பது வேறு. மாடி போர்ஷனை மட்டும் வாடகைக்கு விடுவது வேறு. 2014-ல் வந்த ஆண்ட்ராய்டு 5.0-விலிருந்தே இந்த 'போர்ஷன்' வசதி உண்டு. பெயர், 'வொர்க் புரொஃபைல்'. அதிலுள்ள ஆப்களின் மேல் குட்டி பிரீஃப்கேஸ் படம் ஒட்டியிருக்கும். உங்கள் சொந்த போனில் இப்படிப் பிரித்துவிட்டால், உங்கள் பக்கத்துப் போட்டோவை ஆபீஸ் பார்க்க முடியாது. அவர்கள் அழித்தாலும் அந்த போர்ஷன் மட்டும்தான் காலியாகும். கம்பெனியே வாங்கிக் கொடுத்த போனா? வீடே அவர்களுடையது, குடும்பப் படங்களை அதில் குடிவைக்காதீர்கள்!

ஆக, செய்யவேண்டியது மூன்றே விஷயம்:

* 'அலவ்' தட்டுவதற்கு முன், ''சார், அழிச்சா எது போகும்?'' என்று ஆபீஸில் கேளுங்கள். கூச்சம் வேண்டாம்.

* *#06# அடித்தால் வரும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. நம்பரைத் தாளில் குறித்து வையுங்கள். போலீஸ் புகாருடன் 'சஞ்சார் சாத்தி'யில் அந்த போனை முடக்கலாம். 2023 மே மாதத்திலிருந்து நாடு முழுக்க இந்த வசதி இருக்கிறது.

* தொலைந்தால், மேனேஜர் திட்டுவாரே என்று மறைக்காமல் உடனே சொல்லுங்கள்.

நண்பரின் மகள் இப்போது ஓடுகிறாள். அந்த வீடியோவை மூன்று இடத்தில் பத்திரப்படுத்தியிருக்கிறாராம்.

ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் மட்டும் இல்லை!