இழுக்காத வண்டிக்கு எந்த இன்ஜின்?

கொடைக்கானல் போகும் வழியில் வத்தலக்குண்டு தாண்டி, காட்ரோட்டில் திரும்பியதுமே மலை தொடங்கிவிடும். ஐந்து பேரும் அவர்கள் மூட்டைகளும் ஏறிய பழைய மாருதி 800, பெருமாள்மலைக்கு வருவதற்குள் செகண்ட் கியருக்கு இறங்கி முனக ஆரம்பிக்கும். ஊர் திரும்பியதும் வண்டிக்காரர் மெக்கானிக்கிடம் போய் நிற்பார்: "அண்ணே, வண்டி இழுக்கவே மாட்டேங்குது. பெரிய இன்ஜின் ஒன்னு தூக்கிப் போட்டுரலாமா?"

அதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆட்களோடு வண்டியின் எடை ஏறக்குறைய 1000 கிலோ. அடிவாரத்திலிருந்து கொடைக்கானல் ஏரிக்கரை வரை உயர வேண்டியது சுமார் 1800 மீட்டர். இதற்கு வேண்டிய ஆற்றல் 5 யூனிட் மின்சாரம், அவ்வளவுதான். பெட்ரோல் இன்ஜின் எரிபொருளின் வெப்பத்தில் கால் பங்கைத்தான் வேலையாக மாற்றும். அப்படிப் பார்த்தாலும் தூக்குவதற்கு மட்டும் இரண்டு லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் ஆகும். மணிக்கு 30 கிலோமீட்டரில் ஏற, பத்து குதிரைத்திறன் இருந்தால் சமாளிக்கலாம். மாருதியின் 796 சிசி இன்ஜினுக்கோ நாற்பதுக்கு நெருக்கமான குதிரைத்திறன் உண்டு. பிறகு ஏன் திணறுகிறது?

அந்த நாற்பது, இன்ஜின் 5000 சுற்றுக்கு மேல் அலறும்போது கிடைப்பது. தேர்ட் கியரில் 30 கிலோமீட்டர் வேகத்தில் அது சுமார் 2000 சுற்றுதான் சுற்றும். அங்கே கிடைப்பது பத்துப் பன்னிரண்டு குதிரைத்திறன். அதிலும் மலை தன் பங்கை எடுத்துக்கொள்ளும். 2100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் 78 சதவீதம்தான். காற்று குறைந்தால் எரிவதும் குறையும்; ஐந்தில் ஒரு பங்கு சக்தி போய்விடும். கார்புரேட்டர் வண்டி என்றால் இன்னும் மோசம். சமவெளிக்கு வைத்த ஜெட், மெலிந்த காற்றிலும் தேவைக்கு அதிகமாகவே பெட்ரோலை விடும், கரும்புகை வரும். பெட்ரோலைப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ வண்டியில் சென்சார் பெட்ரோலைக் குறைத்துவிடும், ஆனால் இல்லாத காற்றை அதுவும் கொண்டுவர முடியாது. அதைச் செய்வது டர்போ. டர்போ டீசல் வண்டிகள் அலட்டாமல் நம்மைத் தாண்டிப் போவது அதனால்தான்.

ஆகவே மலைக்கு இன்ஜின் தேடுபவர் குதிரைத்திறனைப் பார்த்து மயங்கக் கூடாது. டார்க் எனும் முறுக்குவிசை எத்தனை சுற்றில் கிடைக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. அடுத்தது, எது பொருந்தும்?

கம்பெனியே இன்ஜின் மாற்றிய கதைகள் உண்டு. 1985-இல் 970 சிசியோடு வந்த ஜிப்சிக்கு 1996-இல் 1298 சிசி கிடைத்தது. 796 சிசி ஆல்டோவுக்கு 2010-இல் 998 சிசி கே10 வந்தது. பார்க்க எளிதாகத்தான் இருக்கிறது. ஜிப்சியின் 1298 சிசியும் எஸ்டீமின் 1298 சிசியும் ஒரே குடும்பம். ஆனாலும் ஒன்று நீளவாக்கில் உட்காரும், மற்றொன்று குறுக்கே உட்காரும். பங்காளிகள்தானே என்று பழைய இரும்புக்கடையில் வாங்கி வந்தால் மவுண்டிங் பொருந்தாது, சம்ப் இடிக்கும். பெல் ஹவுசிங்கின் போல்ட் துளைகள், கிளட்ச் பிளேட்டின் பல், டிரைவ் ஷாஃப்ட், வயரிங், ஈ.சி.எம் என்று வரிசை நீளும். அந்தக் காலத்தில் அம்பாசடரில் மேட்டடார் டீசல் இன்ஜினை ஏற்றிய நம்மூர் மெக்கானிக்குகளைக் கும்பிடத்தான் வேண்டும். டீசலுக்கு மாறினால் பிரேக்கையும் கவனிக்க வேண்டும். பெட்ரோல் இன்ஜின் உறிஞ்சும் வேகத்திலேயே பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வேக்குவம் கிடைத்துவிடும். டீசலில் அது கிடையாது, தனி பம்ப் வைக்க வேண்டும். அதை மறந்தவருக்கு இறக்கத்தில் நினைவு வரும்.

இறக்கம்தான் நிஜமான பரீட்சை. ஏறச் செலவிட்ட அந்த 5 யூனிட்டும் திரும்பி வரும், பிரேக்கில் சூடாக. செகண்ட் கியரில் இன்ஜின் அதில் பெரும்பங்கைத் தாங்க வேண்டும். பெரிய இன்ஜினோடு நெடுஞ்சாலைக்கென்று அமைந்த கியர்பாக்ஸும் வந்தால், ஏற்றத்தில் கிடைத்த லாபம் கொண்டை ஊசி வளைவில் கரைந்துவிடும். முன்பக்கம் கனம் கூடியிருந்தால் பழைய பிரேக்கும் ஸ்பிரிங்கும் போதாது.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி, தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே வகை இன்ஜினை மாற்றினாலும் ஆர்.டி.ஓ. அனுமதி பெற்று, ஆர்.சி.யில் புது எண்ணை ஏற்ற வேண்டும். விபத்து நாளில் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.

என் கட்சி இது: பழைய 800-க்கு நல்ல நிலையில் உள்ள இன்னொரு 796 சிசி இன்ஜினே போதும். பல வண்டிகளுக்கு அதுகூட வேண்டாம். கிளட்ச் பிளேட்டும் ரேடியேட்டர் மூடியும் மாற்றினாலே மலை ஏறிவிடும். கொடைக்கானல் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அழுத்தம் பிடிக்காத மூடிதான் வழியெல்லாம் பானெட்டைத் திறக்க வைக்கிறது. இன்ஜினுக்கு அட்வான்ஸ் கொடுக்குமுன் மெக்கானிக்கிடம் ஒருமுறை கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள்.