தன் முகத்தைத் தானே காணாத மருத்துவர்

கூசேன்வில்லில் ரயில் ஏறிக் கார் து நோரில் இறங்கினால் நம்மவர்களில் பலர் நேரே லாச் சப்பல் பக்கம் திரும்பிவிடுவோம். மரக்கறி, மீன், சேலை, நகை எல்லாம் அங்கேதான். அப்படித் திரும்பாமல் ஐந்தாம் இலக்க மெற்றோவைப் பிடித்துத் தெற்கே போனால் சல்பெத்ரியேர் மருத்துவமனைக்கு அருகில் இறங்கலாம். அந்த மருத்துவமனையில் பணியாற்றிய பியர் மாரி என்ற இளம் மருத்துவர் 1886ஆம் ஆண்டு ஒரு நோய்க்குப் பெயர் வைத்தார். கைகால்களும் முகமும் பருத்துப்போன இரண்டு பெண்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையில்தான் 'அக்ரோமெகலி' என்ற சொல் முதன்முதலில் வருகிறது. கிரேக்க மொழியில் 'அக்ரோன்' என்றால் நுனி. 'மெகாஸ்' என்றால் பெரியது. உடலின் நுனிகள் பெருக்கும் நோய் என்று பொருள் கொள்ளலாம்.

நான் மருத்துவன் அல்லன், மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். இந்த நோயின்மீது எனக்கு ஆர்வம் வந்தது, அது பீடித்த ஒரு மருத்துவரின் கதையால். கதைக்கு முன் நோயைச் சற்று விளக்கிவிடுகிறேன்.

மூளைக்கு அடியில், மூக்குக்குப் பின்னால், ஓர் எலும்புக் குழிக்குள் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது. ஆங்கிலத்தில் பிற்றியூட்டரி, எங்கள் பாடப்புத்தகங்களில் கபச்சுரப்பி. வளர்ச்சி ஓமோன் இங்கிருந்துதான் சுரக்கிறது. இந்தச் சுரப்பியில் சிலருக்கு ஒரு கட்டி உண்டாகி, அளவில்லாமல் அந்த ஓமோனைச் சுரந்துகொண்டே இருக்கும். கட்டி பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. சிறு வயதில் வந்தால் பிள்ளை அசாதாரண உயரமாக வளரும். வளர்ந்த பின் வந்தால் எலும்பு நீள முடியாது, தடிக்கத்தான் முடியும். தாடை முன்னே வரும், பல் இடைவெளி அகலும், மூக்கும் உதடும் நாக்கும் பருக்கும், விரலில் மோதிரம் இறுகும், சப்பாத்து அளவு கூடும். பத்து இலட்சம் பேரை எடுத்தால் ஆண்டொன்றுக்குப் புதிதாக மூன்று நான்கு பேருக்கே இது கண்டுபிடிக்கப்படுகிறது. அதுவும் நோய் தொடங்கிப் பல ஆண்டுகள் கழித்தே.

இனிக் கதை. இலண்டனில் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையைச் சேர்ந்தவர் லெனர்ட் மார்க். மருத்துவர் மட்டுமல்ல, ஓவியரும்கூட. புகைப்படம் பரவலாகாத காலத்தில் நோயாளிகளின் உடலிலும் முகத்திலும் தெரியும் நோய்க்குறிகளை நீர்வண்ணத்தில் வரைந்து வைத்தவர். அந்த மனிதருக்கே இந்த நோய் இளம் வயதில் தொடங்கியது. ஆண்டுக்கணக்காக அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. தினமும் கண்ணாடி பார்த்தார்; தனக்கு வந்திருப்பது இன்னதென்று ஏறக்குறைய ஐம்பது வயதில்தான் அவருக்குப் புரிந்தது. சக மருத்துவர்கள் சிலருக்கோ அவரைப் பார்த்ததுமே விளங்கியிருந்தது.

புரிந்த பிறகு அவர் செய்ததுதான் முக்கியம். வெட்கப்பட்டு மறைக்கவில்லை. தன் உடலையே ஒரு நோயாளியின் உடலாக வைத்து ஆராய்ந்து, 1912இல் 'அக்ரோமெகலி: ஒரு சொந்த அனுபவம்' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு நூலை வெளியிட்டார். அதுவரை இந்த நோயைப் பற்றி எழுதியவர்கள் வெளியே நின்று பார்த்து எழுதியவர்கள். நோயாளி உள்ளே என்ன உணர்கிறார், எது எப்போது மாறியது என்பதை ஒரு மருத்துவரே உள்ளிருந்து சொன்னது, பிறகு வந்த மருத்துவர்களுக்கு நோயாளியிடம் என்ன கேட்க வேண்டும் என்பதற்கு ஒரு வழிகாட்டி.

பயிற்சி பெற்ற கண், அதிலும் ஓவியரின் கண், தன் முகத்தை ஏன் தவறவிட்டது? மென்பொருள்காரனுக்கு இதில் வியப்பில்லை. ஒரு நிரலின் இன்றைய பிரதியை மட்டும் வைத்துக்கொண்டு அதில் என்ன மாறியிருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. பழைய பிரதி ஒன்று வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். கண்ணாடி காட்டுவது இன்றைய பிரதியை மட்டுமே. நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசமோ கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் இதே நிலைதான். அதனால்தான் பல சமயம் இந்த நோயைச் சந்தேகிப்பவர் நெடுநாள் கழித்துச் சந்திக்கும் ஓர் உறவினராகவோ, முதன்முறை பார்க்கும் ஒரு பல் வைத்தியராகவோ இருக்கிறார். சந்தேகம் வந்த மருத்துவர் கேட்கும் முதல் பொருள்களில் ஒன்று, உங்கள் பழைய புகைப்படங்கள்.

கணினியும் இதில் கைகொடுக்கப் பார்க்கிறது. 2011இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் 57 நோயாளிகளின் படங்களை நோயற்றவர்களின் படங்களோடு கலந்து ஒரு முகமறி மென்பொருளிடமும் மருத்துவர்களிடமும் கொடுத்தார்கள். மென்பொருள் மருத்துவர்களைவிடக் கூடுதலாகச் சரியாகச் சொன்னது. ஆனால் படம் இருந்தால்தானே மென்பொருளும் பார்க்கும்?

இங்கேதான் நம்மவர்களின் நிலை என்னை யோசிக்க வைக்கிறது. 1983இலும், 1995 யாழ்ப்பாண இடப்பெயர்விலும், 2009 வன்னியிலும் வீட்டை விட்டு ஓடியவர்கள் எத்தனையோ பேர் அல்பத்தை எடுத்துக்கொண்டு ஓடவில்லை. பலரிடம் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய படம், இங்கு அகதிக் கோரிக்கைக்காக எடுத்த சிறிய படம்தான். இருபது வயது முகம் எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சி இல்லை. நாம் ஆளையாள் பார்க்காமல் கழித்த ஆண்டுகள் நிறைய. ஒப்பிட்டுப் பார்க்கப் படந்தான் இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த நோய் கூட்டிவரும் உபாதைகள் எல்லாம் நமக்குப் பழகியவை. சீனி வருத்தம், பிரஷர், குறட்டை, மூட்டு நோ, கை விறைப்பு, தலையிடி, அளவுக்கு மீறிய வியர்வை. நாற்பது வயதுத் தமிழருக்குச் சீனி வந்தால் யார் ஆச்சரியப்படுவார்கள்? உணவகச் சமையலறையில் நாள் முழுக்க நிற்பவருக்குக் கை விறைத்தால் வேலைதான் காரணம் என்போம். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வைத்தியர், ஒவ்வொரு குளிசை. எல்லாவற்றையும் ஒரு முகத்தில் சேர்த்துப் பார்க்க ஆளில்லை.

முகம் மாறினால் உலகம் முதலில் செய்வது கேலி. இலண்டனைச் சேர்ந்த மேரி ஆன் பெவன் என்ற தாதிக்குத் திருமணத்துக்குப் பின் இந்த நோய் கண்டது. கணவரை இழந்து நான்கு பிள்ளைகளை வளர்க்க, 'உலகின் அவலட்சணமான பெண்' என்ற பட்டத்தோடு அமெரிக்கக் கேளிக்கைக் கண்காட்சிகளில் நின்றார். 1927இல் 'டைம்' இதழ் அவர் படத்தைப் போட்டு நகைத்தபோது அதைக் கண்டித்துக் கடிதம் எழுதியவர் ஹார்வி குஷிங். 1909இலேயே இந்த நோய்க்காகக் கபச்சுரப்பியில் அறுவை செய்த மூளை அறுவை நிபுணர் அவர். சிரிப்பவர்களுக்கு அந்த முகம் வேடிக்கை. குஷிங்குக்கு அது நோய்க்குறி.

இன்று நோயை உறுதி செய்ய வழிகள் தெளிவாக உள்ளன. இரத்தத்தில் ஐ.ஜி.எவ்-1 என்ற பொருளின் அளவைப் பார்ப்பார்கள். குளுக்கோஸ் குடிக்கக் கொடுத்து வளர்ச்சி ஓமோன் குறைகிறதா என்று சோதிப்பார்கள். பிறகு எம்.ஆர்.ஐ. படம். கட்டியைப் பெரும்பாலும் மூக்கின் வழியாகவே அகற்றலாம். போதாவிட்டால் ஊசிமருந்தும் கதிர்ச் சிகிச்சையும் உண்டு. நேரத்தோடு கண்டால் இதயமும் கண்பார்வையும் தப்பும். பருத்த தசை ஓரளவு வற்றும்; தடித்த எலும்போ பழைய நிலைக்குத் திரும்பாது. தாமதத்தின் விலை அதுதான்.

இதைப் படித்துவிட்டு அடுத்த கலியாண வீட்டில் ஒவ்வொருவர் தாடையையும் அளக்க வேண்டாம். வயதாகி உடம்பு வைத்தவர்கள் ஆயிரம் பேர். இந்த நோய் உள்ளவர் அவர்களில் ஒருவர்கூட இல்லாமல் இருக்கலாம். ஆனால் மோதிரம் கழற்ற முடியவில்லை, சப்பாத்து அளவு கூடிவிட்டது, அதோடு சீனியும் குறட்டையும் என்று ஒரே ஆள் சொன்னால், அந்த விபரங்களைச் சேர்த்து ஒரே வைத்தியரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

பழைய படம் இல்லையே என்பவர்களுக்கு ஒன்று. ஊரில் இருந்தபோது கடிதத்துக்குள் வைத்து ரொறன்ரோவுக்கும் இலண்டனுக்கும் அனுப்பிய படங்கள் அங்குள்ள மாமி, சித்தப்பாமாரின் அலுமாரிகளில் இன்னும் இருக்கும். கேட்டு வாங்கி ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.