நனோப் பசளை: பெயரைப் பார்ப்பதா, கணக்கைப் பார்ப்பதா?

"நனோ" என்ற சொல் இப்பொழுது பசளைப் போத்தல்களிலும் வந்துவிட்டது. கடன்பட்டு விதைக்கும் குடும்பத்துக்கு ஒரு போகம் பிழைத்துப்போனால், அடுத்த போகத்தின் விதைநெல்லுக்கே வழியிராது. ஆகவே விளங்கிக்கொண்டு வாங்குவது நல்லது.

நனோ என்றால் என்ன?

ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் பங்காகப் பிரித்தால், அதில் ஒரு பங்கே ஒரு நனோமீற்றர். ஏறக்குறைய 1 முதல் 100 நனோமீற்றர் வரையான துணிக்கைகளை நனோத் துணிக்கைகள் என்பர். மண்கட்டியை உடைக்க உடைக்க வெளிப்பரப்புக் கூடுகிறதல்லவா? அதுபோல, இத்துணிக்கைகளின் மேற்பரப்பு மிகப் பெரிது. வேறு பொருட்களை அதிலே பிடித்துவைக்கலாம்.

பசளைக்கு இதனால் என்ன பயன்?

வயலில் எறியும் யூரியா விரைவாகக் கரைகிறது. பயிர் எடுக்குமுன்னரே ஒரு பகுதி அமோனியா வாயுவாகப் பறக்கிறது. இன்னொரு பகுதி தண்ணீரோடு போகிறது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் அது நைத்திரேற்றாகிக் கிணறுகளில் இறங்குகிறது.

இலங்கை நனோதொழினுட்ப நிறுவகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் 2017 இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். எலும்பில் உள்ள கல்சியம் பொசுபேற்றுக் கனிமத்தை நனோத் துணிக்கைகளாக்கி, அதில் யூரியாவைப் பிணைத்தார்கள். யூரியா 12 மடங்கு வரை மெதுவாக வெளியேறியது. நெல் வயல்களில் பாதி யூரியாவுடன் விளைச்சல் குறையாமற் காக்க முடிந்தது. கவனியுங்கள்: அப்பசளையில் 40 சதவீதம் நைதரசன் இருந்தது. அதைப் பிடித்துவைத்து மெல்ல மெல்ல விடுவதே துணிக்கையின் வேலை.

போத்தலில் வந்த திரவம்

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. ஒக்டோபரில் இந்தியாவிலிருந்து நனோ நைதரசன் திரவம் விமானத்தில் கொண்டுவரப்பட்டது. அதை அவ்வாண்டு அறிமுகப்படுத்திய இப்கோ நிறுவனம், 500 மில்லிலீற்றர் போத்தல் ஒன்று 45 கிலோ யூரியா மூடைக்கு ஈடு என்றது.

கணக்குப் பார்ப்போம். அத்திரவத்தில் நைதரசன் 4 சதவீதம். ஒரு போத்தலில் 20 கிராம். யூரியாவில் 46 சதவீதம்; ஒரு மூடையில் 20 கிலோவுக்கு மேல். அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு தொன் நெல் விளைய, பயிர் ஏறக்குறைய 15 முதல் 20 கிலோ நைதரசன் எடுக்கவேண்டும். போத்தல் முழுவதும் பயிருக்குள் போனாலும் மிச்சம் எங்கிருந்து வரும்?

பஞ்சாப் விவசாயப் பல்கலைக்கழகம் இரண்டு ஆண்டுகள் இதைப் பரிசோதித்தது. யூரியாவில் ஒரு பகுதியைக் குறைத்துத் திரவத்தைத் தெளித்தபோது நெல் விளைச்சல் 13 சதவீதமும் கோதுமை விளைச்சல் 21.6 சதவீதமும் குறைந்தன.

வாங்குமுன் செய்யவேண்டியவை

1. நைதரசன் எத்தனை சதவீதம் என்று சுட்டியில் பாருங்கள். மூடையோடு ஒப்பிட்டுக் கணக்கிடுங்கள்.

2. விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள்: எந்தப் பரிசோதனை, எந்தப் பயிரில், எத்தனை போகம்?

3. முழு வயலுக்கும் அடிக்கவேண்டாம். வரம்பு கட்டிய சிறு துண்டொன்றில் அடித்து, பக்கத்துத் துண்டின் நெல்லோடு நிறுத்துப் பாருங்கள்.

4. யூரியாவைப் பல தடவைகளாகப் பிரித்து, வயலில் நீரைக் குறைத்து எறியுங்கள். பெருமழைக்கு முன் எறியவேண்டாம். வீணாவதைக் குறைக்கும் இவ்வழிக்குப் போத்தல் எதுவும் தேவையில்லை.