அடி அண்ணாமலையில் எழுதினால் டொரண்டோவில் எப்படித் தெரிகிறது?

திருவண்ணாமலை கிரிவலப் பாதையிலுள்ள அடி அண்ணாமலையில் ஒருவர் வலைப்பூவில் எழுதுவதை டொரண்டோவில் இருப்பவர் உடனே படித்துவிடலாம். 1990களில் இது எளிதல்ல. ஏன்? தமிழ் எழுத்துருக்கள் பலவும் ஆளுக்கொரு எண்முறையைப் பின்பற்றின. அதே எழுத்துரு படிப்பவரிடம் இல்லையென்றால் திரையில் வெறும் கிறுக்கல்தான்.

யூனிகோடு என்ற பொது எண்முறை இந்தச் சிக்கலைத் தீர்த்தது. எப்படி? ‘அ’வுக்கு உலகெங்கும் ஒரே எண்: 2949. ‘அண்ணாமலை’ என்பது அ, ண, புள்ளி, ண, கால், ம, ல, ஐகாரக் குறி என 8 எண்களாகிறது. இவற்றைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் எண்ணுக்கு 3 பைட், மொத்தம் 24 பைட்.

இந்தப் பொது எண்முறையால்தான் 2004இல் தொடங்கிய தமிழ்மணம் போன்ற திரட்டிகள் பலரின் பதிவுகளை ஒரே பக்கத்தில் காட்ட முடிந்தது.

உங்கள் ஊரைப் பற்றி நீங்களே எழுதுங்கள்; யூனிகோடிலேயே எழுதுங்கள். வலைப்பூச் சேவை நின்றாலும் எழுத்து அழியாதிருக்க, ஒரு நகலைக் கையில் வைத்திருங்கள்.