பழைய பிளேனருக்குப் புது வாழ்வு



தூத்துக்குடி என்றால் முத்து, உப்பு, துறைமுகம் என்பார்கள். எங்கள் வீட்டில் கேட்டால் தோணி என்பார்கள். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப்போன மரத்தோணிகளுக்கு அப்பாவும் பெரியப்பாவும் வாச்சியாலும் இழைப்புளியாலும்தான் பலகை சீவினார்கள். மூடிப்போன ஒரு மரமில்லில் 12 அங்குல பிளேனர் ஒன்று பழைய இரும்பு விலைக்கு வருகிறது என்றதும், "படிக்கிற பய வந்து பாக்கட்டும்" என்று என்னைக் கூட்டிப் போனார்கள்.

இப்படி ஒன்றை வாங்கப் போனால் துருவைப் பார்த்துப் பயப்படாதீர்கள். கடல்காத்துல துருப்பிடிக்காத இரும்பு நம்ம ஊர்ல ஏது? மண்ணெண்ணெயும் எமரித்தாளும் போதும். முதலில் பார்க்க வேண்டியது கட்டர் பிளாக். அது சதுரமா, உருளையா?

பழங்கால மெஷின்களில் சதுரக் கட்டையில் பிளேடை போல்ட் போட்டு முறுக்கியிருப்பார்கள். அது சுற்றும்போது மூலைகளுக்கு நடுவே பள்ளம் விழும். கை வழுக்கினால் விரல் அந்தப் பள்ளத்துக்குள் போய்விடும். உருளையில் இடைவெளி குறைவு, வெட்டும் ஆழமாக இறங்காது. கையால் தள்ளும் பிளேனருக்கு உருளைதான் வேண்டும் என்று இங்கிலாந்தில் 1922-லேயே விதி வந்துவிட்டது. நமது தொழிற்சாலை விதிகளிலும் இது உண்டு. ஆனால் வீட்டுக் கொட்டகைக்கு எந்த இன்ஸ்பெக்டர் வருகிறார்? பெரியப்பாவின் இடது கையில் இரண்டு விரல் பாதிதான். கூலிக்குப் போன இடத்தில் சதுரக் கட்டை தின்றது.

நாங்கள் பார்த்ததும் சதுரம்தான். பாடியை வாங்கி, கட்டையைக் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டு, பேலன்ஸ் செய்த உருளைக் கட்டை வாங்கிப் போட்டோம். இதை நாமே லேத்தில் கடைந்துவிடலாம் என்று யாரும் இறங்க வேண்டாம்.

பேரிங் ஒயிட் மெட்டல். 1839-ல் ஐசக் பாபிட் என்ற அமெரிக்கர் கொண்டுவந்தது. வெள்ளீயத்தோடு கொஞ்சம் ஆன்டிமனி, செம்பு. தேய்ந்தால் உருக்கி மறுபடி வார்க்கலாம், பழைய மெஷினில் எனக்குப் பிடித்ததே இதுதான். ஷாஃப்ட் ஒட்டாமலிருக்க விளக்குக் கரி பிடிக்க வைத்து, ஓரங்களைக் களிமண்ணால் அடைத்து, எல்லாவற்றையும் சூடாக்கி உலர்த்திய பிறகே ஊற்ற வேண்டும். ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் உலோகம் முகத்தில் தெறிக்கும். ஆறியபின் நீலம் தடவி ஸ்கிரேப்பரால் சுரண்டுவது, ஃபிட்டிங் ஷாப்பில் நாம் செய்த அதே வேலை.

வேகக் கணக்கு சுலபம். மோட்டார் 1440 சுற்று, மோட்டார் புல்லி 8 அங்குலம், கட்டர் புல்லி 3 அங்குலம். 1440 × 8 ÷ 3 = 3840. பெல்ட் வழுக்கலில் கொஞ்சம் குறையும்.

பிளேடுகளை ஜோடியாகத் தராசில் வைத்து எடை சரிபாருங்கள். பின்மேசை பிளேடு நுனிக்குச் சரிமட்டமாக இருக்க வேண்டும். தாழ்ந்தால் பலகையின் கடைசி முனையில் பள்ளம் விழும். உயர்ந்தால் பலகை முட்டி நிற்கும். முன்மேசையை எவ்வளவு தாழ்த்துகிறோமோ அவ்வளவுதான் சீவும்.

மெஷின் இப்போது எங்கள் கொட்டகையில் ஓடுகிறது. பார்க்க விரும்புகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை வரலாம். கார்டு போடாமல் ஸ்விட்சைத் தொட மட்டும் பெரியப்பா விடமாட்டார்.