இறாலும் உல்லமும்: கல்கத்தாக் கால்பந்தாட்டத்தின் கேலிமொழி

நகை பிறக்கும் நிலைக்களன்களை நான்காக வகுத்த தொல்காப்பியனார், அவற்றுள் எள்ளலை முதற்கண் வைத்தார். அதற்கு உரைகண்டோர், பிறரை எள்ளி நகுதல் ஒன்று, பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தானும் நகுதல் ஒன்று என அதனை இரண்டாக்கிக் காட்டினர். இவ்விரண்டனுள் முன்னையது எவர்க்கும் எளிது, பின்னையதே அரிது. ஆட்டம் தொடங்குமுன் இரு கட்சி அபிமானிகளும் ஒருவரையொருவர் கேலி செய்துகொள்ளும் வழக்கம் உலகெங்கும் உளதாயினும், அவ்விருவகை எள்ளலையும் ஒருங்கே காண்டற்குக் கல்கத்தா நகரினும் ஏற்ற இடம் நம் நாட்டில் இல்லை. இப்பொழுது கொல்கத்தா என வழங்கும் அந்நகரின் இரு பெருங் கழகங்களாகிய மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்பவற்றின் அபிமானிகள் பேசிக்கொள்ளும் கேலிமொழியின் இயல்பை இங்கே சிறிது விளக்கப் புகுகின்றோம்.

முதற்கண் கழகங்களின் வரலாறு அறியத்தக்கது. மோகன் பகான் 1889-ஆம் ஆண்டில் வட கல்கத்தாவில் தோன்றியது. 1911-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள், ஐ.எப்.ஏ. கேடயத்தின் இறுதியாட்டத்தில், அக்கழகத்தார் ஈஸ்ட் யார்க்‌ஷயர் படைவகுப்பினரை 2-1 என்னும் கணக்கில் வென்றனர். பாதரட்சையின்றி ஆடியவர் பலரைக் கொண்ட ஓர் இந்தியக் கட்சி, ஆளும் இனத்தாரின் படையினரை வென்ற அந்நிகழ்ச்சி நாடெங்கும் பேசப்பட்டது. ஈஸ்ட் பெங்கால் பிறந்த கதை வேறு. 1920-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், மோகன் பகானை எதிர்த்து ஆடிய ஜோராபகான் கழகம், கிழக்கு வங்கத்தவரான சைலேஷ் போஸ் என்னும் ஆட்டக்காரரைச் சேர்த்துக்கொள்ளாது விடுத்தது. அதனை அவமதிப்பெனக் கருதிய அக்கழகத்தின் உபதலைவர் சுரேஷ் சந்திர சௌதுரி என்பார் விலகிச் சென்று, நண்பர் சிலருடன் கூடி ஆகஸ்டு முதல் நாளில் ஒரு புதுக்கழகம் கண்டார். ஆகவே, ஒன்று வெற்றியால் பெயர் பெற்றது. மற்றொன்று மனக்குறையிற் பிறந்தது. இரண்டும் லீக் பந்தயத்தில் முதன்முதல் எதிர்ப்பட்டது 1925-ஆம் ஆண்டு மே 28-ஆம் நாளில்; அன்று இளைய கழகமே ஒரு கோலால் வென்றது.

கல்கத்தாவில் மேற்கு வங்கத்துப் பழங்குடிகளை 'கோட்டி' என்றும், கிழக்கிலிருந்து வந்தோரை 'பாங்கால்' என்றும் கூறுவர். கோட்டி என்பது அவர்கள் மொழியில் சிறு செம்பையும் குறிக்கும். முன்னவர் பெரும்பாலும் மோகன் பகானையும், பின்னவர் ஈஸ்ட் பெங்காலையும் தம்முடையவாகக் கொண்டனர். 1947-இல் நாடு பிரிவுற்றபொழுது, கிழக்கு வங்கத்தினின்றும் பல இலட்சம் மக்கள் வீடும் நிலமும் துறந்து வந்தனர். இரயில் நிலையங்களிலும் அகதிக் குடியிருப்புக்களிலும் தங்கிய அவர்கட்கு, தாம் இழந்த ஊரின் பெயரைத் தாங்கிய ஒரு கழகம் அந்நகரில் இருந்தது பேராறுதலாயிற்று. அதன் வெற்றி தம் வெற்றியெனவும், அதன் தோல்வி தம் துயரின் தொடர்ச்சியெனவும் அவர்கள் எண்ணியதில் வியப்பில்லை. இதனை உளங்கொண்டாலன்றி, அந்நகரத்துக் கேலியின் கூர்மை நமக்கு விளங்காது.

இனி, அக்கேலி நடக்கும் முறையைக் காண்போம். வங்காளிகள் வீட்டுத் திண்ணைகளிலும் தேநீர்க்கடைப் பலகைகளிலும் கூடியிருந்து நெடும்பொழுது உரையாடுவதை 'அட்டா' என்பர். ஆட்டத்திற்குப் பல நாள் முன்னரே அட்டாவில் வாய்ப்போர் மூண்டுவிடும். அப்போரின் முதற் கருவி மீன். மோகன் பகானுக்கு இறாலும், ஈஸ்ட் பெங்காலுக்கு ஹில்சாவும் அடையாளங்களாம். நம் கடற்கரையார் உல்லம் என்பதே ஹில்சா. இறால் மீனேயன்று, பூச்சியினம் என்பர் ஒரு சாரார். முள்ளே உடம்பாகிய மீனை உண்பதெங்ஙனம் என்பர் மறு சாரார். ஆட்டம் முடிந்த மாலையில் வென்ற கட்சியின் மீன் சந்தையில் விலையேறும் என்பது அந்நகரத்துப் பழம் பேச்சு. அடுத்த கருவி சமையல். பருப்பிலும் சர்க்கரை இடுபவர் என்று கோட்டிகளையும், மிளகாயன்றிச் சுவையறியாதவர் என்று பாங்கால்களையும் பழிப்பர். கிழக்கத்தியாரின் பேச்சொலியை அவ்வாறே பேசிக்காட்டி நகைப்பதும் உண்டு. கழகச் சின்னங்களையும் விடுவதில்லை. மோகன் பகானின் சின்னம் பாய்மரத் தோணி. ஈஸ்ட் பெங்காலின் சின்னம் தீப்பந்தம். ஆகவே, தோணி கவிழும் என்பது ஒரு பக்கத்துச் சோதிடம். பந்தம் அவியும் என்பது மறுபக்கத்துச் சோதிடம்.

லீக் பந்தயங்களில் ஒவ்வோர் ஆட்டத்திற்கும் ஒரு கட்சி சொந்தத் திடலாரும், மற்றது வந்த விருந்தினருமாதல் வழக்கம். பிறவூர்களில் விருந்தினர் தொலைவினின்றும் வருவர். கேலியும் அவர்களுடன் வந்து அவர்களுடனே சென்றுவிடும். கல்கத்தாவில் நிலைமை அவ்வாறன்று. இரு கழகங்களும் 2020 முதல் இந்தியன் சூப்பர் லீக்கில் ஆடலாயின. அதில் இவ்விரண்டும் எதிர்ப்படுங்கால், பெரும்பாலும் சால்ட் லேக்கில் உள்ள ஒரே விளையாட்டரங்கு ஒருமுறை ஒருவர்க்குச் சொந்தத் திடலாகும். மறுமுறை மற்றவர்க்குச் சொந்தமாகும். பெயரளவில் விருந்தினராவோரும் அதே தெருவுக்குத் திரும்புபவரே. தோற்றவன் மறுநாட் காலையில் அடுத்த வீட்டுக்காரன் முகத்தில் விழித்தே ஆகவேண்டும். அலுவலகத்தில் அடுத்த நாற்காலியிலும், சிற்சில குடும்பங்களில் உண்ணும் இலைக்கெதிரிலும் மறு கட்சியான் வீற்றிருப்பான்.

இதிலேதான் அக்கேலியின் இரகசியம் அடங்கியுள்ளதென்பது எம் கருத்து. நம் நாட்டில் மைத்துனன் முறையாரைக் கேலி செய்யலாம். வழியிற் போகும் அயலானைக் கேலி செய்தல் ஆகாது. மைத்துனனை எள்ளும் உரிமையை உறவு தருகின்றது. உறவு எல்லையையும் வகுக்கின்றது. நாளையும் அவன் முகத்தில் விழிக்கவேண்டும் என்னும் நினைவே நாவிற்குக் கடிவாளமாம். கோட்டியும் பாங்காலும் பேசுவது இத்தகைய மைத்துனக் கேலியே. வீடிழந்து வந்தவனை நோக்கி, "நீ யார், எங்கிருந்து வந்தாய்?" என்று பகையுடன் கேட்பதற்கு மாறாக, "உன் மீனில் முள் அதிகம்" என்று சொல்லக் கற்றுக்கொண்டது அந்நகரம். கேட்டவனும் நகைத்து விடை பகர்ந்தான். பகையாய் முற்றியிருக்கக்கூடிய பிரிவு ஓரளவு விளையாட்டாய் மாறியது இவ்வாறே.

எள்ளலுக்கு விடை களத்திலும் வரும் என்பதற்கு 1997-ஆம் ஆண்டு ஜூலை 13-ஆம் நாள் நடந்த பெடரேஷன் கோப்பை அரையிறுதியாட்டம் சான்று. அன்று சால்ட் லேக் அரங்கில் கூடியவர் 1,31,781 பேர் எனக் கணக்கிட்டனர். ஆட்டத்திற்கு முன்பு, மோகன் பகானின் பயிற்சியாளர் அமல் தத்தா, எதிர்க் கட்சியார் பெயர்களைத் திரித்து விளையாடினார். ஓமொல்லோ என்பார் ஆம்லெட் ஆயினார். சோசோ என்பார், 'சசா' எனும் வங்கச் சொல்லால், வெள்ளரிக்காய் ஆயினார். பாய்ச்சுங் பூட்டியாவின் பெயரும் தப்பவில்லை. நகரமெங்கும் நகைத்தது. ஈஸ்ட் பெங்காலின் பயிற்சியாளர் பி.கே. பானர்ஜி அவ்வேச்சுக்களைத் தம் கட்சியார்க்கு ஊக்க மருந்தாக ஆக்கிக்கொண்டார் என்பர். முடிவில் ஈஸ்ட் பெங்கால் 4-1 என வென்றது. பூட்டியா தனியே மூன்று கோல் அடித்தார். சொல்லுக்குப் பந்தால் விடையிறுத்த அந்நாளை, தோற்ற கட்சியாரும் இன்றளவும் கதையாகச் சொல்லி மகிழ்கின்றனர். எள்ளப்பட்டவழித் தானும் நகுதல் என்பது இதுவே போலும்.

எனினும், இவ்வழக்கத்தின் மற்றொரு முகத்தை மறைத்தல் நேர்மையாகாது. 1980-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள், ஈடன் தோட்டத்தில் இவ்விரு கழகங்களும் கல்கத்தா லீக் ஆட்டத்தில் எதிர்ப்பட்டன. களத்தில் ஆட்டக்காரரிடையே மூண்ட பூசல், பார்வையாளர் வரிசைகளிலும் பற்றியது. கல்லெறியும் கைகலப்பும் நெரிசலும் விளைந்தன. ஆட்டம் பார்க்கச் சென்றவருள் 16 பேர் வீடு திரும்பவில்லை. ஆட்டமோ கோலின்றிச் சமனாய் முடிந்தது. வென்றவரும் இல்லை, தோற்றவரும் இல்லை, மாண்டவரே உளர். அந்நாளைக் கால்பந்தாட்ட அன்பர் நாளாகக் கொண்டு, கல்கத்தாவில் இரத்ததானம் செய்து வருகின்றனர். சிந்திய குருதிக்குக் கழுவாயாகக் குருதியையே கொடுக்கும் அவ்வழக்கத்தில், எவர் எக்கட்சியார் என்று கேட்பாரில்லை.

கைகலப்பினும் நுண்ணிய தீங்கும் ஒன்று உண்டு. மீனையும் சர்க்கரையையும் விட்டு, பாங்கால்களை 'முள்வேலி' எனும் பொருள்படும் பெயரால் அழைப்பார் சிலர் உளர். எல்லையின் வேலியைத் தாண்டி வந்தவர் என்பது அதன் குறிப்பு. இஃது எள்ளலன்று, புண்ணிற் கோலிடுதல். மீனை விரும்புதல் ஒருவன் தேர்ந்துகொண்ட செயல். ஊரை இழத்தல் அவன் தேர்ந்ததன்று. குடியுரிமைச் சட்டத்தைப் பற்றி நாடெங்கும் வாதம் நிகழ்ந்த காலத்தில், 2020-ஆம் ஆண்டு ஜனவரி 19-ஆம் நாள் நடந்த ஆட்டத்தில், ஈஸ்ட் பெங்கால் அபிமானிகள் ஒரு பெரிய பதாகையை விரித்தனர். இம்மண் தாம் இரத்தத்தால் பெற்றது, காகிதத்தாலன்று என்னும் பொருள் அதில் எழுதப்பட்டிருந்தது. அன்று அவர்கள் 2-1 எனத் தோற்றனர். எனினும் ஆட்டத்தின் கணக்கினும் அப்பதாகையே பலராலும் பேசப்பட்டது.

மேலும், பிறந்த மண்ணைக் காட்டிப் பழிப்பது வரலாற்றுக்கும் பொருந்தாது. மோகன் பகானின் பெருமைக்குரிய தடுப்பாட்டக்காரர், சீனப் பெருஞ்சுவர் எனப் புகழப்பெற்ற கோஷ்டோ பால், கிழக்கு வங்கத்துப் பரீத்பூர் ஜில்லாவிற் பிறந்தவர். அக்கழகத்தை விட்டு வேறு கழகம் நாடாத சுனி கோஸ்வாமியும் கிழக்கு வங்கத்துக் கிஷோர்கஞ்சிற் பிறந்தவரே. மறுபுறம், 1949-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஈஸ்ட் பெங்காலின் முன்வரிசையில் நின்று 'பஞ்சபாண்டவர்' எனப் பெயர் பெற்ற அகமத் கான், அப்பா ராவ், தன்ராஜ், சாலே, வெங்கடேஷ் ஆகிய ஐவரும் நம் தென்னாட்டினர். ஒருவரேனும் கிழக்கு வங்கத்தவரல்லர். அகதிகள் தம் இழந்த ஊரின் பெயரால் ஆர்ப்பரித்தபொழுது, அவர்கட்காகப் பந்தை உதைத்த கால்கள் தெற்கத்தியாருடையன. கழகம் என்பது குருதியால் வருவதன்று, அன்பால் வருவது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

அவ்வன்பின் ஆழத்தை 2024-ஆம் ஆண்டு காட்டியது. அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில், கல்கத்தாவின் அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் இளம் பெண் மருத்துவர் ஒருவர் கொடுமையாகக் கொல்லப்பட்டார். நகரம் கொதித்தது. ஆகஸ்டு 18-ஆம் நாள் நடைபெறவேண்டிய டூரண்ட் கோப்பை ஆட்டம், காவல் போதாதென்னும் காரணத்தால் நிறுத்தப்பட்டது. ஆட்டம் இல்லையாயினும் அபிமானிகள் அரங்கின் அருகே திரண்டனர். பச்சையும் கருஞ்சிவப்பும் அணிந்தோரும், சிவப்பும் பொன்னிறமும் அணிந்தோரும், மூன்றாம் பெருங் கழகமாகிய முகமதன் ஸ்போர்ட்டிங்கின் அன்பரும் ஒன்றாய் நின்று நீதி கேட்டனர். காவலர் தடியடிக்கும் அவர்கள் பிரிந்திலர். நூறாண்டுக் காலம் ஒருவரையொருவர் எள்ளிப் பழகியவர், துயருற்றபோது ஒருவரையொருவர் அறிமுகம் செய்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

நம் கல்லூரி மாணவர்க்கும் கல்லூரிகட்கிடையிலான பந்தயங்கள் ஆண்டுதோறும் வருகின்றன. பந்தய நாளில் கேலி எழாதிருத்தல் அரிது. எழவேண்டாமென்று நாம் கூறவும் மாட்டோம். கேலியற்ற களம் உப்பற்ற பண்டம் போல்வது. ஆயின், எதிர்க்கட்சியான் ஆட்டத்தை எள்ளலாம். அவன் சட்டை நிறத்தை எள்ளலாம். சென்ற ஆண்டு அவன் தோற்ற கதையை எத்துணை முறையும் நினைவூட்டலாம். அவன் சாதியையும், ஊரையும், நிறத்தையும், வறுமையையும் நாவால் தீண்டுதல் ஆகாது. நாம் கூறியதைக் கேட்டு அவனும் நகைக்கின்றானா என்று ஒருகணம் நோக்குவதே போதிய அளவுகோல். அவன் நகைத்தானாயின் அடுத்த சொல்லை அவன் பக்கமிருந்து எதிர்பார்க்கலாம். அது நம் சொல்லினும் கூரியதாய் வருமாயின், நகைக்கவேண்டிய முறை நம்முடையதாகும்.